ஊருக்குத் தெரியாமல் மனநல மருத்துவரைப் பார்ப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: கோத்தகிரி பக்கம் சின்ன ஊர். இரண்டு மாதமாக அக்காவுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இலை பறிக்கப் போனாலும் பாதியில் திரும்பிவிடுகிறாள். அம்மா செய்வினை என்கிறார். வரன் பார்க்கும் நேரம் என்பதால், தெரிந்தவர் கண்ணில் படாமல் கோயம்புத்தூரில் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் இரண்டாவது தடவை யார் கூட்டிப் போவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். மலையில் மனநல வைத்தியம் அறுந்துபோகிற இடம் பெரும்பாலும் அதுதான். முதல் தடவை பயத்தில் வீடே சேர்ந்து கார் பிடித்து இறங்கும். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்ன தேதியில் மழை பெய்யும், பறிப்புக்கு ஆள் இருக்காது, "இப்போ கொஞ்சம் தேவலை" என்று ஒரு சாக்கும் கிடைக்கும். மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்கப் போய்விடும், இரண்டு பேர் கூலியோடு. மறைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த தூரமே மருந்தை நிறுத்திவிடுகிறது.

ஊட்டி உங்களுக்கு ஏறத்தாழ 30 கி.மீ.தான். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. கையில் தரும் ஓ.பி. சீட்டு சர்க்கரைக்காரருக்கும் முதுகுவலிக்காரருக்கும் தருகிற அதே சீட்டு. பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் கிடைக்கிற மறைவு சின்ன ஊர் கிளினிக்கில் கிடைக்காது. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வரும். எந்தக் கிழமை என்று அரசின் மருத்துவ உதவி எண் 104க்கு அடித்துக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை. ஊரில் கேட்டால் சொல்வதற்காக "நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறோம்" என்பார்கள். சொல்வதோடு நின்றால் சரி. நிஜமாகவே நரம்பியல் மருத்துவரிடம் போய், ஸ்கேனுக்கும் ஈ.ஈ.ஜி. என்கிற மூளை அலைப் பரிசோதனைக்கும் செலவழித்துவிட்டு, "எல்லாம் நார்மல், மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று எழுதி வாங்கி வருகிறவர்கள் நிறைய.

போகும்போது அரைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டமான ஓ.பி.யில் உங்களுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். "மனசு சரியில்லை" என்று ஆரம்பித்தால் அதிலேயே போய்விடும். இப்படி இருந்தால் போதும்:

"ஆடி கடைசியிலிருந்து. 9 மணிக்குப் படுத்து 2 மணிக்கு விழிப்பு, பிறகு தூக்கமில்லை. முன்பு நாளைக்கு 25 கிலோ இலை, இப்போது 10கூட இல்லை. புடவை, ஜாக்கெட் தொளதொள. டி.வி. பார்ப்பதில்லை, தங்கையோடும் பேச்சில்லை. மாதவிலக்கு தள்ளிப்போகிறது. சித்தப்பாவுக்கு இதேபோல் வந்தது. வேறு மாத்திரை எதுவும் இல்லை."

இதில் விடியுமுன் விழிப்பும் எடைக் குறைவும் மருத்துவருக்கு மிக முக்கியம். தைராய்டும் ரத்தசோகையும் இதே முகத்தைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதலாம். அதைப் பார்த்து "அப்போ இது மனநோய் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மனச்சோர்வு என்று முடிவானால் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஒரு மாத்திரை தொடங்கலாம். இங்கே குடும்பங்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகின்றன. முதல் வாரத்திலேயே குமட்டல், படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இடைப்பட்ட நாளில் "மாத்திரை சேரவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று மூன்றாவது மாதம்: நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை அடிமைப்படுத்தும் மாத்திரைகள் அல்ல. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ தருகிற அல்பிரசோலம் வகை பழக்கமாகக் கூடியது. அதைச் சீட்டில் எழுதிய நாட்களுக்கு மேல் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமென்று அவோமின் போட்டுக்கொள்கிற பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கம் தருகிற மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிக்கும்.

அம்மாவோடு செய்வினை பற்றி வாதாடாதீர்கள், நேரம்தான் வீண். மந்திரிப்பதும் கோயிலுக்கு நேர்வதும் ஒரு பக்கம் நடக்கட்டும். "விரதத்தில் மாத்திரை கூடாது" என்று யாராவது சொன்னால் மட்டும் விடாப்பிடியாக நில்லுங்கள். குணமாக்குகிறேன் என்று கட்டிப்போடுகிற இடம் எதற்கும் அனுப்பாதீர்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில், 23ஆம் பிரிவில் இருக்கிறது.

வரன் விஷயம். மாத்திரை அட்டை புகுந்த வீட்டில் கண்ணில் படக்கூடாது என்று கல்யாண மாதத்தில் நிறுத்துவதுதான் மிக மோசமான வழி. புது வீடு, தூக்கமில்லாத நாட்கள், மருந்தும் இல்லை. நோய் திரும்ப அதுவே போதும். என் கருத்து: முதலில் குணமாகட்டும், ஆறு மாதம் தள்ளினால் எதுவும் குடிமுழுகிப் போகாது. பேச்சு உறுதியாகும்போது தரகரிடம் அல்ல, மாப்பிள்ளையிடமே, முடிந்தால் அக்காவே சொல்லட்டும். கர்ப்பத்துக்கு முன்பு மருந்தை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு, வண்டியில்லையென்றால் 108. "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. அவளைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதற்கும் மாத்திரைக்கும் ஒரே பெயர்தான், 'மருந்து'. இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் பாதை நாள் கணக்கில் அடைபடும். கையில் ஒரு வாரத்து மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். சீட்டைப் படம் எடுத்து இரண்டு போனில் வையுங்கள். மொத்த மாத்திரையும் உங்கள் கையில் இருக்கட்டும், அக்காவுக்கு அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள்.