பாளையங்கோட்டைக்கு வரும் வாக்குச்சீட்டு வில்லெம்ஸ்டாடுக்கு வராது

தம்பி, ஆகஸ்டில் கரீபியக் கடலில் இருக்கும் குராசோ தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடுக்கு உடற்கூறியல் கற்பிக்க வருவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே வரும் நம்மவர்கள் சம்பளத்தையும் வாடகையையும்தான் கேட்பார்கள். "குராசோ நெதர்லாந்து இராச்சியத்தில்தானே இருக்கிறது, ஐந்து ஆண்டு இருந்து குடியுரிமை வாங்கினால் நெதர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாமா, லட்சத்தீவுக்கு இருப்பதுபோல் குராசோவுக்கும் ஒரு எம்.பி. உண்டா" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தீவில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். டச்சு பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் எனக்கே இந்தக் கேள்வி தோன்றியது.

குடியுரிமை கிடைக்கும். வாக்கு கிடைக்காது. எம்.பி.யும் கிடையாது.

நெதர்லாந்து இராச்சியம் வேறு, நெதர்லாந்து என்ற நாடு வேறு. இராச்சியத்துக்குள் நெதர்லாந்து, அருபா, குராசோ, சின்ட் மார்ட்டின் என்று நான்கு நாடுகள். அருபா 1986லேயே பிரிந்து நின்றுவிட்டது. 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற பழைய கூட்டு கலைந்தபோது, குராசோவும் சின்ட் மார்ட்டினும் அதே தகுதியைப் பெற்றன. பொனேர், சின்ட் யூஸ்டேஷியஸ், சாபா என்ற மூன்று சிறு தீவுகள் நெதர்லாந்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. நான்கு நாடுகளுக்கும் அரசர் ஒருவர், குடியுரிமை ஒன்று. பள்ளிக்கூடம், மருத்துவமனை, வரி போன்றவற்றைக் குராசோவின் 21 உறுப்பினர் நாடாளுமன்றமே பார்த்துக்கொள்கிறது. அதற்கு ஸ்டாடன் என்று பெயர். குடியுரிமை பெற்றதும் அதற்கு வாக்களிக்கலாம். 2025 மார்ச் தேர்தலில் நானும் வரிசையில் நின்றேன்.

பாதுகாப்பு, வெளியுறவு, குடியுரிமைச் சட்டம் ஆகியவை இராச்சியத்தின் பொறுப்பு. அந்த இராச்சியத்துக்கென்று தனி நாடாளுமன்றம் எதுவும் இல்லை என்பதில்தான் சிக்கல். நெதர்லாந்து அரசு இயங்கும் ஹேக் நகரில் டச்சு அமைச்சர்கள் அனைவரும் அமர்ந்திருக்க, தீவு நாட்டுக்கு ஒருவராக மூன்று அமைச்சர்கள் வந்து சேர்ந்துகொண்டால் அதுவே இராச்சிய அமைச்சரவை. இராச்சியச் சட்டங்களை நிறைவேற்றுவது 150 உறுப்பினர் கொண்ட டச்சுக் கீழவையும் அதன் மேலவையும். தீவுகளிலிருந்து பிரதிநிதிகள் போய்ப் பேசலாம். குராசோவின் அந்த அமைச்சர் ஒரு மசோதாவை எதிர்த்து, அது கீழவையில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறைவான வாக்குகளில் தேறினால், விவாதத்தை நிறுத்திவிட்டு மீண்டும் இராச்சிய அமைச்சரவையில் பேச வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சாசனம். அங்கே யார் அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டென்மார்க் நாடாளுமன்றத்தின் 179 இடங்களில் கிரீன்லாந்துக்கு இரண்டு, ஃபாரோ தீவுகளுக்கு இரண்டு உண்டு. குராசோவுக்கு ஹேக்கில் ஓரிடமும் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் டச்சுக் குடிமக்கள் எல்லோரும் கீழவைக்கு வாக்களிக்கலாம். மயாமியில் இருந்தாலும் சரி, மதுரையில் இருந்தாலும் சரி. டச்சுத் தேர்தல் சட்டம் விலக்கி வைப்பது அருபா, குராசோ, சின்ட் மார்ட்டின் ஆகிய மூன்று முகவரிகளை மட்டும்தான். முன்பு பத்து ஆண்டு நெதர்லாந்தில் வாழ்ந்திருந்தாலோ, டச்சு அரசுப் பணியில் இங்கே இருந்தாலோ விதிவிலக்கு உண்டு. நான் அந்தக் கணக்கில் வரமாட்டேன். நாளைக்கே ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் குடியேறிப் பெயரைப் பதிந்துகொண்டால், ஹேக் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு அந்த வீட்டுக்குத் தபாலில் வரும். டச்சு அரசரின் ஆட்சிக்கு உள்ளேயே, குராசோவில் குடியிருக்கும் வரை வராது.

இதே கேள்வியை அருபாக்காரர் இருவர் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலை முன்வைத்து எழுப்பினார்கள். வேறு நாட்டில் வாழும் டச்சுக்காரருக்கு உள்ள வாக்கு எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு, 2006இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார்கள். அதனால் 2009 முதல் நமக்கும் அந்த வாக்கு உண்டு. குராசோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் அதன் நாடாளுமன்றத்துக்கு நான் வாக்களிக்கிறேன். என் மாணவர்களுக்கு இதை விளக்குவதைவிடச் சிறுநீரகத்தை விளக்குவது சுலபம்.

வெறும் ஏட்டுச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். 2020இல் கொரோனாவால் சுற்றுலா அடியோடு நின்றபோது ஹேக்கிலிருந்து கடன் வந்தது. அதோடு வந்த நிபந்தனைகளில் ஒன்று, அரசுத் துறை ஊழியர்களின் ஊதியத்தில் 12.5 சதவீதம் வெட்டு. அந்த ஜூன் மாதத்தில் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்த போராட்டம் கலவரமாகி, ஊரடங்கு போடும் அளவுக்குப் போனது. நிபந்தனை போட்டவர்களைத் தேர்ந்தெடுக்கவோ தோற்கடிக்கவோ தீவுக்காரர்களுக்கு வழியில்லை.

அப்படியானால் வாக்குரிமை கேட்டுப் போராட வேண்டியதுதானே என்பீர்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "வாக்கு கொடுத்தால், நீங்களும்தானே வாக்களித்தீர்கள் என்று சொல்லி இன்னும் அதிகமாக மூக்கை நுழைப்பார்கள்" என்றார். பலருக்கு அந்த எண்ணம் இருக்கிறது. கணக்கும் அவர் பக்கம்தான். கீழவையில் ஓரிடத்துக்கு ஏறக்குறைய 70,000 வாக்குகள் வேண்டும். குராசோவின் மொத்த மக்கள்தொகையே ஒன்றரை லட்சம்தான். பொனேர்வாசிகளுக்கு ஹேக் வாக்கு உண்டு, சின்ட் யூஸ்டேஷியஸ்வாசிகளுக்கும் உண்டு. ஆனால் 2018இல் சின்ட் யூஸ்டேஷியஸின் தீவு மன்றத்தையே ஹேக் கலைத்துவிட்டது. 2020 அக்டோபரில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. இருந்தாலும் என் கருத்து வேறு. பெரியவர் வேண்டாம் என்று ஒதுக்கலாம். அதை அவருக்காக ஹேக் ஒதுக்கி வைப்பது சரியில்லை.

இனி உங்கள் காரியம். குடியுரிமைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கில் குராசோவில் வாழும் காலம் சேரும். ஆனால் குராசோ வதிவிட அனுமதியை வைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஊர் சுற்ற முடியாது. அதற்கு ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். டச்சுக் குடியுரிமை பெற்ற நாளில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு எடுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையால் ஊரில் வாக்களிக்க முடியாது. வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

குடியுரிமைத் தேர்வில் டச்சு மட்டும் போதாது, தீவு மக்கள் பேசும் பாப்பியமெந்து மொழியும் வேண்டும். டச்சை வகுப்பில் படித்துக்கொள்ளலாம். பாப்பியமெந்து சந்தையில்தான் வரும். வந்த முதல் வாரமே பழக்கடைக்காரரிடம் "பொன் டியா" என்று காலை வணக்கம் சொல்லித் தொடங்கிவிடுங்கள்.