கல்மரம் சொல்வது காட்டையா, கடலையா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போயிருந்தோம். "ஒரு காலத்தில் இங்கே பெருங்காடு இருந்தது" என்றேன். கல்லூரியில் நிலவியல் படிக்கும் பேத்தி, "இல்லை தாத்தா, இது கடல்" என்கிறாள். மரம் கிடக்கும் இடம் எப்படிக் கடலாகும்?
– ஒரு வாசகர், துறையூர்

பதில்: பேத்தி சொன்னதுதான் சரி. அவருக்கு ஒரு நல்ல உருப்பெருக்கி வாங்கிக் கொடுங்கள்.

1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம் அது. நீளம் 18 மீட்டர். போகிறவர்கள் எல்லோரும் அந்த நீளத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது எந்தப் பாறையில் கிடக்கிறது என்று கேட்பவர் அரிது. அந்த வட்டாரப் பாறைகளில் அகப்படுபவை அம்மோனைட்டுகளும் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்கள்) கடற்சிப்பிகளும். மரமோ படுத்துக் கிடக்கிறது. அடியில் வேரோடிய மண்ணடுக்கு இல்லை. மேற்கே இருந்த நிலத்தில் வளர்ந்த ஊசியிலை மரம் ஆற்றோடு வந்து, கடலில் மிதந்து, நீரூறி மூழ்கி, மட்கும் முன்பே சேற்றில் புதைந்திருக்கிறது. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வடிந்த பிறகு முகத்துவாரத்துக்கு அப்பால் மிதக்கும் மரங்களைப் பார்த்து, 'நடுக்கடலில் தோப்பு இருக்கிறது' என்று எந்த மீனவராவது சொல்வாரா?

கல்மரத்துண்டு எதைப் பார்த்தாலும் அதில் குழாய் போன்ற துளைகள் இருக்கின்றனவா என்று தேடுவேன். கடலில் கிடக்கும் மரத்தைத் துளைத்து வாழும் கப்பல்புழு துளைத்ததாக இருந்தால், அந்தக் கட்டை புதைவதற்கு முன் சில காலமாவது கடல்நீரில் கிடந்திருக்கிறது என்று பொருள். மரத்தின் இனத்தைவிட இந்த ஓட்டை எனக்குப் பெரிய சாட்சி.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இதே கதைதான். அங்கே கொண்டுவந்து போட்டது ஆறு. கிளையும் வேரும் இல்லாத வெறும் அடிமரங்கள் மணற்கல்லில் கிடக்கின்றன. நின்ற இடத்திலேயே கல்லான காட்டைப் பார்க்க வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், விக்டோரியா பூங்காவுக்குப் போக வேண்டும். 1887-இல் வெளிப்பட்ட அடிமரங்கள் வேர்களைப் பரப்பியபடி அங்கேயே நிற்கின்றன. அதைக் காடு என்று தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் மாவட்டத்துக் காரை என்ற ஊரில் பொறுக்கிய பெலம்னைட்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஆய்வுக்குப் பயன்படுமா?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: வருத்தம்தான் அம்மா, பெரிதாகப் பயன்படாது. துப்பாக்கிக் குண்டு வடிவில் இருக்கும் அவை, கணவாயின் உறவினமான ஒரு கடலுயிரின் உள்ளோடு. காரையில் மழை களிமண்ணை அரித்துவிட்டு இவற்றை மேலே விட்டுச் செல்கிறது. வெவ்வேறு அடுக்குகளிலிருந்து, வெவ்வேறு காலங்களிலிருந்து வந்தவை ஒரே தரையில் கலந்து கிடக்கும். அடுக்குக்குள் பதிந்திருக்கும் ஒன்றே ஒன்று, படமும் உயரமும் திசையும் குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் டப்பாவைவிட அதிகம் பேசும். இனிமேல் பொறுக்காதீர்கள்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்கப் போகிறேன். எவ்வளவு எடையுள்ள சுத்தியல் வாங்கலாம்?
– ஒரு மாணவர், திருச்சி

பதில்: தம்பி, முதலில் நான்கு மீட்டர் கயிறு வாங்குங்கள். பாறை முகப்பில் ஒரு மீட்டர் சதுரமாக அதைக் கட்டி, உள்ளே தெரியும் சிப்பிகளை எல்லாம் எண்ணுங்கள். அழகானவற்றை மட்டும் எண்ணுவது மாணவர்களிடம் நான் காணும் தீராத நோய். உடைந்த துண்டுகளுக்கும் கணக்கு வேண்டும். இரண்டு ஓடுகளும் சேர்ந்தே இருந்தால் விரைவாகப் புதைந்தவை என்று கொள்ளலாம். ஓடுகள் பிரிந்து, குவிந்த பக்கம் மேலாகக் கவிழ்ந்து கிடந்தால் நீரோட்டம் புரட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டின் உட்புறத்தில் கடற்பஞ்சு துளைத்த புள்ளிகளோ, புழுக்கூடுகளோ ஒட்டியிருந்தால் உயிர் போன பிறகும் அது கடலடியில் திறந்து கிடந்திருக்கிறது. உட்புறம், வெளிப்புறம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கே வீண்.

அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் நுழைய எழுத்துமூல அனுமதியும் தலைக்கவசமும் தேவை. சாய்வெயிலில் வேலை செய்யுங்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது, சின்னத் துளைகள் கண்ணுக்குத் தெரியாது.