சாவி உங்கள் கையில் இருக்கும்வரை வீடு காலியாகவில்லை

கேள்வி: மடிப்பாக்கத்தில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாதம், 1,80,000. அதில் ஒரு லட்சத்தை வங்கி மூலமும் 80,000-ஐ ரொக்கமாகவும் கொடுத்தோம். முதலில் போட்ட 11 மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. ஒருநாள்கூட வாடகையைத் தாமதமாகக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஓனரின் அம்மா விருந்தாளி வந்தால் கணக்குக் கேட்பார், நேரம் பார்த்துத் தண்ணீரை நிறுத்துவார். கரண்டுக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார்கள். கணவருக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆனதால் ஜூலை முதல் தேதி சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். 'பெயிண்டிங்குக்கு 45,000 பிடித்துக்கொண்டு 1,80,000-ல் மீதியைத் தருகிறேன்' என்று ஓனர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முழுப் பணமும் தந்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டோம். மூன்று மாதம் ஆகிறது. போலீசில் கேட்டால் சிவில் விவகாரம் என்கிறார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதே சட்டப்படி தப்பாமே? வழக்குப் போட்டால் வட்டியோடு கிடைக்குமா?

பதில்: நீங்கள் எழுதியதில் வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான். சாவி இன்னும் உங்களிடம் இருக்கிறது. மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஓனரின் அம்மா செய்தது வருத்தமான விஷயம்தான். ஆனால் அதற்காக எந்த நீதிமன்றமும் அட்வான்ஸைக் கூட்டியோ குறைத்தோ தராது. கரண்ட் கணக்கும் அப்படியே. நான்கு வருடம் ஒன்றும் சொல்லாமல் கட்டிவிட்டு இப்போது அதைக் கிளப்பினால், உங்கள் வலுவான வாதமும் சேர்ந்து பலவீனமாகும். போலீஸ் சொன்னதும் சரிதான். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் அது மோசடி. உங்கள் ஓனர் பெரும்பகுதியைத் தருகிறேன் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்.

மூன்று மாத வரம்பு பற்றிக் கேட்டீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் அது இருக்கிறது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய' என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. பத்து மாதம் என்று பேசி, ஒப்புக்கொண்டு, கொடுத்து, நான்கு வருடம் குடியிருந்த பிறகு அந்த வரம்பைப் பிடித்துக்கொண்டு பயனில்லை. உங்களுக்கு வேண்டியது அதே பிரிவின் அடுத்த பகுதி: வாடகைதாரர் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

காலி செய்வது என்றால் லாரியில் சாமான் ஏற்றுவது என்று நினைக்கிறீர்கள். வீட்டின் சுவாதீனத்தை, அதாவது அது உங்கள் வசம் இருப்பதை விட்டு, ஓனரிடம் ஒப்படைப்பதுதான் காலி செய்வது. நடைமுறையில் அது சாவிதான். சாவி உங்களிடம் இருப்பதால் அந்த ஒரு மாதக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வட்டி கேட்கவும் இடமில்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாத வாடகை 54,000 ரூபாயை நீங்கள்தான் தர வேண்டும் என்று ஓனர் கேட்கலாம். அவருடைய வக்கீல் முதல் பதிலிலேயே அதைத்தான் எழுதுவார். நான் அவர் பக்கம் இருந்தால் நானும் அதைத்தான் எழுதுவேன்.

பணத்துக்குப் பிணையாகச் சாவியை வைத்துக்கொள்ளலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியாது. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால் ஒழிய அப்படி ஒரு உரிமையை நம்பி இறங்காதீர்கள். இதில் நன்றாக மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு இளைஞருக்கு வாடகை 22,000, அட்வான்ஸ் இரண்டு லட்சம். ஓனர் முப்பதாயிரம் பிடிக்கப் பார்த்தார் என்று கோபத்தில் ஏழு மாதம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். ஏழு மாத வாடகையே 1,54,000 ஆயிற்று. அதோடு போகவில்லை. பூட்டிய வீட்டுக் குளியலறையில் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனது. அந்தச் செலவும் அவர் தலையில் விழுந்தது, ஏனென்றால் சட்டப்படி வீடு அவர் வசம். முப்பதாயிரத்துக்காகப் பிடிவாதம் பிடித்தவர் இரண்டு லட்சத்தையும் இழந்தார். அவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு வயதான தம்பதி ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சீட்டு இல்லை, போட்டோ இல்லை, ஒரு மெசேஜ்கூட இல்லை. நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது, 'சாவி போன வாரம்தான் என் கைக்கு வந்தது' என்றார் ஓனர். வாட்ச்மேன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். என்றைக்குக் கொடுத்தோம் என்பதை அவர்களால் நிரூபிக்கவே முடியவில்லை.

ஆகவே சாவியைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததற்குச் சான்றும் இருக்க வேண்டும். இந்த வார இறுதியிலேயே சென்னைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் சாவி தர வருகிறீர்கள் என்று முதலில் வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், ஈபி மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. ஒரு தாளில் தேதி, எத்தனை சாவி, அட்வான்ஸ் 1,80,000 ஓனரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைக்கே சாவியை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, அனுப்பியதை மெசேஜில் சொல்லுங்கள். சாவியை நீட்டியும் அவர் வாங்கவில்லை என்று காட்ட முடிந்தால், அதற்குப் பிறகு வாடகை கேட்பது அவருக்குச் சிரமம்.

உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கு அந்த வாட்ஸ்அப் மெசேஜ். உங்கள் ஒப்பந்தம் காலாவதியானது. பழைய பழக்கத்தில் 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்பார்கள். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்க அதிலேயே தடை இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 80,000-க்கு ரசீதும் இல்லை. ஆனால் '1,80,000-ல்' என்று அவரே எழுதிவிட்டார். ரொக்கத்தை இனி மறுக்க அவருக்கு வழி குறைவு. அந்தப் போனை விற்காதீர்கள், எக்ஸ்சேஞ்ச் போடாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். மூலச் சாதனம் கையில் இருப்பது நல்லது.

பெயிண்டிங் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 108-ஆம் பிரிவு, இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரரைப் பொறுப்பாக்குவதில்லை. நான்கு வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம்தான். ஆனால் பழைய ஒப்பந்தத்தில் 'பெயிண்டிங் செலவு வாடகைதாரர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். சென்னையில் தட்டச்சுக் கடைகளில் கிடைக்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தாலும் 45,000-க்குப் பில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, வழக்குப் போடலாமா? என் கருத்து: வேண்டாம், பேசி முடியுங்கள். அவர் தருவதாகச் சொன்னது 1,35,000. நீதிமன்றத்தில் மூன்று மாத வாடகை உங்கள் மேல் ஏறினால், பெயிண்டிங்கில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காவிட்டாலும் உங்களுக்கு வருவது 1,26,000. அதாவது அவர் இன்றைக்குச் சொல்லும் தொகை, நீங்கள் முழுதாக ஜெயிக்காவிட்டால் கிடைப்பதைவிட அதிகம். திருச்சியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டும், வக்கீல் பீஸ் வேறு. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, 18,000 பிடித்துக்கொள்ளுங்கள், 1,62,000 தாருங்கள் என்று ஆரம்பியுங்கள். ஒன்றரை லட்சத்தில் நின்றால் வாங்கிக்கொள்ளுங்கள். 1,35,000-க்குக் கீழே போனால் மட்டும் நோட்டீஸ் அனுப்பலாம். வழக்குப் போட மூன்று வருடக் காலவரையறை இருக்கிறது, அவசரம் இல்லை. வாடகைக் கணக்கை அவர் இன்னும் கிளப்பவில்லை. கிளப்புவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

புது ஆள் வந்ததும் தருகிறேன் என்றால் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். தேதி போட்ட காசோலை வாங்குங்கள். எதற்காக அந்தக் காசோலை என்று ஒரு வரி எழுதி, எண்ணையும் குறித்து, கையெழுத்து வாங்குங்கள். அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அவருக்கு 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். 'இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்' என்று நயமாகப் பேசியே இந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள், கவனம். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்ற சீட்டில் பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து.

திருச்சி வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். அதை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்றைக்கே ரசீது கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பதியுங்கள். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்பதைத் தொகையாகவே எழுதுங்கள். காலி செய்யும் முன் கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழிக்கலாம் என்ற வரியையும் சேர்க்கப் பாருங்கள். அந்த வரி இல்லாமல், ஓனர் சம்மதமும் இல்லாமல், நீங்களாகக் கழித்தால் அது வாடகை பாக்கி. இரண்டு மாதம் பாக்கி வைத்தாலே வெளியேற்றச் சொல்லி மனுப் போட அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.