காட்டில் மாடு மேய்ந்தால் காட்டுத்தீ குறையுமா? மாட்டுக்காரர்கள் சொல்வது என்ன?

காட்டுக்குள் ஆடு மாடு மேய்ந்தால் காட்டுத்தீ குறையும் என்று சிலர் சொல்கிறார்களே, கால்நடை வளர்ப்பவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது கேள்வி. எனக்குப் போடிப் பக்கம். தாய்மாமா வீட்டில் மலைமாடு, அதாவது மலையில் மேய்க்கிற நாட்டு மாடு, வளர்க்கிறார்கள். அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தேனிப் பகுதியை வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு இடங்களைப் பற்றி ஆங்காங்கே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்களைக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் 'குறையும்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் மாடு புல்லைத் தின்றுவிடும் என்ற ஒரே காரணத்தோடு அவர்கள் நிறுத்துவதில்லை. நீங்கள் இணையத்தில் படித்திருக்கக்கூடியது அந்த ஒரு காரணத்தை மட்டும்தான். மற்றவைதான் பெரியவை என்பது என் எண்ணம்.

முதலில் புல்லைப் பார்ப்போம். இங்கே வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடும். தையில் பனி. மாசி பிறக்கும்போது சரிவெல்லாம் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். அப்போதிருந்து கோடை மழை நன்றாக இறங்கும்வரை தீக்காலம். நம் இலையுதிர் காடுகளில் தீ பெரும்பாலும் மரத்துக்கு மரம் தாவுவதில்லை, தரையோடு ஓடுகிறது. ஓடுவதற்கு அதற்கு வேண்டியது புல்லும் சருகும். புல் கணுக்கால் அளவு இருந்தால் நாலு பேர் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைத்துவிடலாம். இடுப்புக்கு மேல் நின்றால் பக்கத்திலேயே போக முடியாது. மாட்டுக்காரர்களின் வாதம் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. மாடு மேய்ந்த இடத்தில் தீ வராது என்று விவரம் தெரிந்தவர் யாரும் சொல்ல மாட்டார். வந்தாலும் ஆள் கிட்டப் போய் அணைக்கக்கூடிய தீயாக இருக்கும் என்பார்.

அப்புறம் தடம். ஒரே வழியில் மாடு நடந்து நடந்து மண் தெரிகிற தடம் விழும். சருகில் மெல்ல ஊர்ந்து வரும் தீ பல நேரம் அந்தத் தடத்தில் நின்றுவிடும். பெரிய தீயாக இருந்தால் அணைக்கப் போகிறவர்கள் அந்தத் தடத்தில் நின்று எதிர்த்தீ வைக்கலாம், அதாவது வருகிற தீக்கு எரிய எதுவும் மிஞ்சாதபடி முன்னாலேயே எரித்துவிடலாம். வனத்துறை கோடைக்கு முன் கூலி கொடுத்து வெட்டுகிற தீத்தடுப்புக் கோடு செய்வதும் இதே வேலைதான். மாடு போகாமல் விட்டால் மூன்று நான்கு மழைக்காலத்தில் தடம் புல்லாலும் புதராலும் மூடிப்போகும்.

இதில் வெளியாட்கள் கவனிக்காத ஒன்று உண்டு: எந்த மாதம் மேய்கிறது என்பது. 'புல்லு காஞ்ச பொறகு மாட்ட உள்ள விட்டு என்னப்பா செய்ய? பச்சையா இருக்கையில தின்னாத்தான் அது கொறையும்' என்பார் மாமா. மலைமாடுகள் வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் மலைமேல் இருக்கும். அறுவடை முடிந்ததும் கீழே இறங்கி, வயலில் கிடை போடும், அதாவது எருவுக்காக இரவில் வயலிலேயே தங்கும். மாட்டுக்கும் விவசாயிக்கும் வசதியாக அமைந்த ஏற்பாடு இது. மழைக்காலத்தில் மாடு மேலே இருப்பதால் புல் இளசாக இருக்கும்போதே மேயப்படுகிறது. தீ பிடிக்கிற மாதத்தில் மாடு காட்டில் இருக்கவேண்டிய அவசியமே குறைவு. மழைக்கால மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் கோடையில் மட்டும் உள்ளே விட்டால் தீத்தடுப்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

சரி, மாட்டுக்காரர்கள்தானே தீ வைக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் குற்றச்சாட்டு இந்தப் பேச்சின் நடுவில் எப்போதும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. எங்கள் மலைச்சரிவுகளில் எலுமிச்சைப்புல் இனத்தைச் சேர்ந்த வாசனைப் புல் நிறைய உண்டு. தளிராக இருக்கும்போது மாடு தின்னும், முற்றினால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். காய்ந்த முற்றலைக் கொளுத்திவிட்டால் முதல் மழையில் குருத்து வரும். அதற்காகக் கொளுத்துகிற பழக்கம் முன்பு இருந்தது, இன்றும் ஒருசிலர் செய்கிறார்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் பெரியவர்கள் சொல்லும் ஒரு வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தை மாதப் பனி ஈரத்தில், சாயங்காலம், சிறு சிறு துண்டாக எரிப்பது வேறு. பங்குனி வெயிலில் காற்று வீசும்போது ஒரு தீக்குச்சி விழுவது வேறு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே சருகை லேசாக எரித்துவிடுவார்கள். அந்த வழக்கத்தைத் 'தரகு பெங்கி' என்பார்கள். அது தடுக்கப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி (லண்டானா என்ற அயல் புதர்) காட்டை மூடியது, தீயும் பெரிதாகிவிட்டது என்று அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2019 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது இந்த விவாதம் திரும்ப எழுந்தது.

மாட்டுக்காரர்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று. தீ எங்கே பிடித்தாலும் முதலில் விசாரிக்கப்படுவது அவர்கள்தான். அதிலும் கையில் வனத்துறையின் மேய்ச்சல் அனுமதிச் சீட்டு இல்லாதவர் ஒரு சரிவில் புகையைப் பார்க்கிறார் என்று வையுங்கள். வனத்துறைக்கு போன் செய்தால் முதல் கேள்வி, 'நீ அங்கே என்ன செய்கிறாய்?' என்பதாக இருக்கும். அதனால் பேசாமல் மாட்டைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார். மாட்டுக்காரர்கள் வெளியாட்களிடம் இதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது சொல்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட நேரத்தில் பிடித்த தீ மலை ஏறிவிடும். அந்தச் சரிவில் நிற்கும் மாட்டுக்காரரின் கண்ணில் அது ஒரு கைப்பிடிச் சருகு எரிகிற அளவு இருக்கும்போதே பட்டுவிடும். அந்தக் கண்ணை நாம் பயத்தால் மூடி வைத்திருக்கிறோம்.

சட்டத்தின் நிலையையும் சொல்லவேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாக ஏற்கிறது. இடம் மாறி மேய்ப்பவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் 2021-இல் எங்கள் தேனி மாவட்டத்தையும் தொடும் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. சில நாட்களிலேயே அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பட்டி போட்டு செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுள்ள பர்கூர் மாட்டை வளர்ப்பவர்களுக்கும் இதே கவலைதான். அங்கே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது அவர்கள் முதலில் கேட்டது, 'எங்கள் பட்டி என்ன ஆகும்?' என்பதைத்தான். இவர்களிடம் போய் 'தீத்தடுப்புக்கு உங்கள் மாடு உதவுமா?' என்று கேட்டால், தீயை விட்டுவிட்டு மேய்ச்சல் உரிமையைப் பற்றிப் பேசுவார்கள். அதை அவர்கள் பேச்சை மாற்றுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே போகவே முடியாதவர் தீயை எப்படித் தடுப்பார்?

போடிக்கு மேலே உள்ள குரங்கணியைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 'அந்தச் சரிவில் மாடு போய்க்கொண்டிருந்தால் புல் அவ்வளவு உயரம் நின்றிருக்காது' என்ற பேச்சு எங்கள் பக்கம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. சரிவு 10 டிகிரி கூடினாலே மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. அவ்வளவு செங்குத்தான இடத்தில், காற்றும் சேர்ந்துகொண்டால், அரைகுறையாக மேய்ந்த புல்லும் ஆளைக் கொல்லப் போதும். அத்தனை சாவை யாருடைய வாதத்துக்கும் சான்றாகப் பிடித்து இழுப்பது சரியில்லை.

மேய்ச்சலால் ஆகாத காரியங்கள் இன்னும் உண்டு. உண்ணிச்செடியை மாடு தின்னாது. பஞ்சத்தில் தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். கோடையில் அந்தப் புதர்தான் தரைத்தீயை மரத்தின் தலைவரை ஏற்றிவிடுகிறது. அது பரவப் பரவப் புல் குறைகிறது. மிச்சமிருக்கும் புல்வெளியில் எல்லா மாடும் போய் நிற்க, அந்த இடம் மொட்டையாகிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் களைத்தாவரங்களை அகற்றக் கொள்கை ஒன்று கொண்டுவந்தது. அந்த வேலையை எங்கள் ஊர் ஆட்களுக்கே கூலிக்குக் கொடுங்கள், புல் திரும்பி வந்தால் எங்களுக்கும் நல்லது என்பது மாட்டுக்காரர்களின் கோரிக்கை. எனக்கு இது முழுக்க நியாயமாகப் படுகிறது.

ஆடு புதரை மேயுமே என்று கேட்பீர்கள். மேயும்தான். ஆனால் இளங்கன்றுகளையும் சேர்த்தே மேய்ந்துவிடும். ஆடு என்றாலே வனத்துறையில் முதலிலேயே மறுத்துவிடுவார்கள். அதில் அவர்கள் பக்கமும் காரணம் இருக்கிறது.

நோயும் ஒரு பெரிய விஷயம். கோமாரியும் அடைப்பானும் வீட்டு மாட்டிடமிருந்து காட்டெருமைக்குப் போகும், அங்கிருந்து திரும்பியும் வரும். தடுப்பூசி போடாத மாட்டைப் புலிகள் காப்பகத்தின் உள்காட்டுக்குள் விடச் சொல்லி நான் பேச மாட்டேன். சாணத்துக்காக மட்டும் நூற்றுக்கணக்கில் மாட்டைக் காட்டோரம் அடைத்து, எஸ்டேட்டுகளுக்கு எரு விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள். மாடு யாருடையது, மேய்ப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலைமாடு வளர்க்கும் குடும்பங்களுக்கே அந்த வியாபாரத்தின் மேல் கோபம் உண்டு. காடு கெட்டால் பெயர் கெடுவது இவர்களுக்குத்தான்.

இதை ஒழுங்காகச் செய்து பார்த்த இடம் ஸ்பெயின். தெற்கே அந்தலூசியா பகுதியில் அரசே மேய்ப்பர்களோடு ஒப்பந்தம் போடுகிறது. காடு முழுவதும் மேய்க்கச் சொல்வதில்லை. தீத்தடுப்புக்காக வெட்டிய பட்டைகளில் மட்டும், சொன்ன அளவுக்குப் புல்லைக் குறைக்கவேண்டும். பருவ முடிவில் வந்து பார்த்து, வேலை நடந்திருந்தால் பணம். கட்டலோனியாவில் 'தீ மந்தைகள்' என்ற பொருளில் ஒரு திட்டம் உண்டு. தீ அபாயம் உள்ள காட்டில் மேய்ந்த மந்தையின் இறைச்சிக்கும் பால்கட்டிக்கும் தனி முத்திரை குத்தி விற்கிறார்கள். ஆனால் அங்கே பிரச்சினையின் வேர் வேறு. ஊர்கள் காலியாகி, மேய்க்க ஆளில்லாமல், கைவிட்ட நிலத்தில் புதர் மண்டியதுதான் அங்கே தீக்குக் காரணம். இங்கே ஆளும் மாடும் இன்னும் இருக்கிறார்கள். அதனால் அந்தத் திட்டத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுதான்: மேய்ப்பரை வேலை செய்பவராக எண்ணி, செய்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது.

மாமாவிடமும் அவரோடு மாடு ஓட்டுகிறவர்களிடமும் இதைச் சொன்னபோது பணத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ஊரோரக் காட்டிலும், பாதை ஓரத்திலும், தீத்தடுப்புக் கோட்டை ஒட்டியும் இன்ன இடம் என்று எல்லை காட்டுங்கள், கோமாரி ஊசி போடுங்கள், புகையைச் சொன்னவன்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கோடையில் தீத்தடுப்புக் காவலுக்கு எடுக்கிற தற்காலிக ஆட்களில் மேய்க்கிற வீட்டுப் பையன்களையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பையன்களில் பலர் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்.

மாமா கேட்டது சீட்டுக்கான தேதி. ஆடி பிறக்கும் முன் கையில் கிடைத்தால் மழைப்புல் முழுவதையும் மேய்த்துவிடலாம், ஐப்பசியில் கிடைத்தால்கூட பாதி வேலை ஆகும் என்றார். மாசியில் கொடுப்பதாக இருந்தால் தனக்கு வேண்டாம், அந்த நேரம் மாடு கீழே வயலில் கிடையில் நிற்கும் என்றார்.