பவரைக் கூட்டுவதற்கு முன்: பழைய மஸ்டாங்கில் எதை முதலில் தொடுவது?

கேள்வி: 2016-ஆம் ஆண்டு மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். மேனுவல் கியர். ஏர் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்), டியூனிங் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), எக்ஸாஸ்ட் (புகைக் குழாய்), காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஆகியவற்றை வீட்டு கராஜிலேயே இந்த வரிசையில் மாட்ட நினைக்கிறேன். எஞ்சினின் ஆயில் ஆவியைப் பிடித்துவைக்கும் ஆயில் கேட்ச் கேனும் அவசியம் என்கிறார்கள். எதை நானே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பதில்: உங்கள் ஆர்வம் நியாயமானது, வரிசையைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் காரின் 5.0 லிட்டர் வி8 எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே 435 குதிரைத்திறன் கொண்டது. முந்தைய உரிமையாளர் என்ன ஆயில் ஊற்றினார், பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார், ஏற்கெனவே டியூன் செய்திருந்தாரா என்பது எதுவும் தெரியாமல் அதன் மேல் பவரைக் கூட்டினால், நாளை ஒரு கோளாறு தலைகாட்டும்போது அது பழைய குறையா, புதிய பாகத்தின் விளைவா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே முதல் வேலை, காரின் இன்றைய நிலையைத் தெரிந்துகொள்வது. எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். இந்த எஞ்சினுக்கு 5டபிள்யூ-20 ரக ஆயில் சுமார் 7.6 லிட்டர் பிடிக்கும். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாமல், அதன் தகரக் கூட்டை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை அறுத்து எடுத்து, ஆயிலை நன்றாகப் பிழிந்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கருப்புப் படிவு இயல்பானது. மடிப்புகளுக்கு நடுவே உலோகத் துகள்கள் மினுங்கினால் காந்தத்தை அருகே கொண்டுசெல்லுங்கள்: ஒட்டினால் அது இரும்பு, ஒட்டாமல் மினுங்குவது பெரும்பாலும் பேரிங்கிலிருந்தோ அலுமினியப் பாகத்திலிருந்தோ வந்திருக்கும். எதுவானாலும், கண்ணுக்குத் தெரியும் அளவில் உலோகம் இருக்கும் எஞ்சினில் அதன் காரணம் தெரியும்வரை வேறெதையும் மாட்டக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 தர நிர்ணயத்தின்படி, புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வேகமாக ஓட்டித் திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கும்போது பழைய ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ்கள் உருவாகி, பெடல் தரைவரை போய்விடும். பெரிய பிரேக் வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த ஆயிலையும் பேடுகளையும் மாற்றிப் பாருங்கள். சாலை ஓட்டத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலை மாற்றும்போது, அது லிமிடெட் ஸ்லிப் வகை (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துவது) என்பதால் அதற்குரிய ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கும் சேர்க்கை) சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அது இல்லாவிட்டால் மெதுவாக வளைத்துத் திருப்பும்போது பின்பக்கம் அதிர்ந்து முனகும். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயரில் 435 குதிரைத்திறனை நம்பி மிதிக்க முடியாது.

அடுத்ததாக ஸ்பிரிங். பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால் வீட்டில் மாற்றலாம். முன்பக்கம் ஸ்ட்ரட்டுக்குள் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அதைப் பிரிக்கும்போது, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் பட்டறையில் செய்துவாங்குங்கள்.

வீட்டில் செய்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் தண்டுகளின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்கள் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைவுக்கு இடம் கொடுக்கின்றன. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, காரின் எடை சக்கரங்களில் இறங்கிய நிலையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

இன்டேக்கும் டியூனிங்கும் கடைசியில்தான் வர வேண்டும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அந்த அளவீட்டு அட்டவணை அசல் குழாயின் விட்டத்துக்காக எழுதப்பட்டது. குழாய் அகலமானால், அதே அளவு காற்றுக்கு சென்சார் வேறு கணக்குக் காட்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் அந்தப் பிழையை ஓரளவுதான் ஈடுகட்டும். எனவே காரின் கம்ப்யூட்டர் தகவல்களைப் படித்துக் காட்டும், விலை மலிவான ஓபிடி ரீடர் ஒன்றை வாங்கி, எதையும் மாற்றுவதற்கு முன்பே, எஞ்சின் சூடான நிலையில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது) எண்ணைக் குறித்துவையுங்கள். இன்டேக் மாட்டிய பிறகு அது 10 சதவீதத்தைத் தாண்டினால், காற்றுக் கசிவு இருக்கிறது, அல்லது அந்த இன்டேக்குக்கு உரிய டியூன் தேவை என்று பொருள்.

டியூன் கருவி முதலில் உங்கள் காரிலுள்ள புரோகிராமைச் சேமித்துக்கொள்ளும். பழைய உரிமையாளரின் டியூன் உள்ளே இருந்தால், அதுதான் ‘அசல்’ என்ற பெயரில் சேமிக்கப்படும்; சந்தேகம் இருந்தால் டீலரிடம் தொழிற்சாலைப் புரோகிராமை ஏற்றச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். புதிய புரோகிராமை ஏற்றும்போது பேட்டரி சார்ஜரை இணைத்து வையுங்கள். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டரே முடங்கக்கூடும். 93 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) பெட்ரோலுக்கு எழுதிய டியூனை வைத்துக்கொண்டு 91 பெட்ரோல் போடுவது எஞ்சினை நாக்கிங்குக்குத் (பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் கட்டுப்பாடின்றி எரிவது) தள்ளும்.

எக்ஸாஸ்டைப் பொறுத்தவரை, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றினால் சத்தம் மாறும், பவர் பெரிதாக மாறாது. ஒரு பகலில் முடியும் வேலை. கன்வெர்ட்டரை நீக்குவது அமெரிக்க சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் இன்டேக்குக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி எண் வேண்டும்.

கேட்ச் கேன் இப்போது வேண்டாம். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் மட்டும் பீய்ச்சும் செவர்லே கமாரோ எஸ்எஸ் போன்ற எஞ்சின்களில் ஆயில் ஆவி இன்டேக் வால்வின் பின்புறம் கரியாகப் படியும். உங்கள் எஞ்சினில் பெட்ரோல், வால்வுக்கு முன்னால் உள்ள காற்றுவழியான போர்ட்டில் பீய்ச்சப்பட்டு வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கிறது.

எந்த வேலையிலும் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். சமதளத் தரையில் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, காரை ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே படுங்கள். உங்கள் மாடலில் வீல் நட்டுகளை இறுக்கும் அளவு 204 நியூட்டன் மீட்டர். முந்தைய தலைமுறை மஸ்டாங்குக்கு இதைவிடக் குறைவு என்பதால் பழைய குறிப்புகளைப் பார்த்து இறுக்க வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 160 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடியும் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.