வீட்டு நிலைக்குத் தோட்டத்துத் தேக்கு ஆகுமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி பக்கம் எனக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. வரும் தை மாதம் வீடு கட்டத் தொடங்குகிறேன். கிணற்றடியில் 14 வருடத் தேக்கு நாற்பது நிற்கிறது. வரப்பில் பெரிய வேம்பு மூன்று, வாய்க்கால் ஓரம் பூவரசு, பழைய வாகை ஒன்று, காய்ப்பு நின்றுபோன பலா ஒன்று, மா இரண்டு உண்டு. நிலை, கதவு, கட்டில் எல்லாம் சொந்த மரத்திலேயே செய்ய ஆசை. ஆசாரியோ தேக்கைத் தவிர வேறு மரம் வேண்டாம் என்கிறார். எதை வெட்டலாம்?

பதில்: தேக்கைத் தவிர மற்றதை வெட்டலாம்.

உங்கள் ஆசாரி சொல்வதில் தப்பில்லை. தேக்கு காய்ந்தபிறகு முறுக்காது, அதிகம் சுருங்காது, இழைக்கவும் சுகம். எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையானும் லேசில் தொடாது. ஆனால் இதெல்லாம் வைரம் பாய்ந்த, அதாவது நடுவில் முற்றி நிறம் ஏறிய, கட்டையின் குணம். வைரத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. தேக்கின் வெள்ளையும் மாமரமும் கரையானுக்கு ஒன்றுதான்.

உங்கள் மரங்களில் நெஞ்சு உயரத்தில் நூல் போட்டுச் சுற்றளவு பாருங்கள். 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்களவு ஏழரை அங்குலம் வரும். பட்டை போக, இரண்டு பக்கமும் வெள்ளை போக, நடுவில் நாலைந்து அங்குல வைரம் தேறினால் பெரிய விஷயம். கிணற்றுத் தண்ணீர் குடித்து மளமளவென்று பருத்த மரம் வேறு. நிலைக்கு 5×3 அங்குலச் சட்டம் வேண்டும். அதன் மூலைக்கு மூலை அளந்தால் கிட்டத்தட்ட 6 அங்குலம். அப்படியானால் சட்டத்தின் மூலைகளில் வெள்ளை வந்தே தீரும். கரையான் நுழைவதும் அந்த மூலையில்தான். கேரள வனத்துறை தேக்கை 50, 60 வருடம் வளர்த்துத்தான் வெட்டுகிறது. நிலம்பூரில் 1840களில் நட்ட மரங்களில் சில இன்னும் நிற்கின்றன. உங்கள் 14 வருட மரம் அந்தக் கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளை. நெருக்கமாக இருந்தால் இளைத்தவற்றை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்தை உங்கள் பிள்ளைகளுக்கு விடுங்கள்.

நிலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் அந்த மூன்று வேம்பில் ஒன்றை எடுங்கள். வேம்பை வெட்ட மனசு வராது, தெரியும். வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தை சொல்லாமலும் இருக்க மாட்டார்கள். ஆனால் முற்றிய வேம்பின் செவ்வைரம் நிலைக்கு நன்றாகத் தாங்கும். அதன் கசப்பு பூச்சிக்கும் ஆகாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எத்தனையோ வேம்பு நிலை இன்றும் அசையாமல் நிற்கிறது. சரி, ஆசாரிக்கு என்ன கஷ்டம்? வேம்பின் நார் ஒரே பக்கமாக ஓடாமல் பின்னிக் கிடக்கும். இழைப்புளி சிலும்பும், உளி மழுங்கும். கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன்: பச்சை வேம்பில் நிலை வைக்காதீர்கள். கதவு சாத்தாமல் போன வீடுகளில் பாதிக்கு மரம் குற்றமில்லை, ஈரம்தான் குற்றம். இப்போது மாசி. மரத்தை இந்த மாதமே வெட்டி அறுத்துவிட்டால், நிலை தூக்கும்போது ஏறக்குறைய ஒரு வருடம் காய்ந்திருக்கும். தேய்பிறை பார்த்து வெட்டச் சொல்வார்கள். நான் பிறை பார்ப்பதில்லை, மாதம்தான் பார்ப்பேன். மழைக்காலத்தில் வெட்டிய கட்டையில் பூஞ்சை ஏறும், வெள்ளையில் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி விழும். கோடையில் வேறு தொல்லை: வெட்டிய முனை வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அதனால் அன்றைக்கே இரண்டு முனைகளிலும் தாரோ பழைய பெயின்டோ கெட்டியாகப் பூசிவிடுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் சாணியும் மண்ணும் குழைத்து அப்புங்கள்.

சட்டங்களை வேண்டிய அளவுக்கு அரை அங்குலம் கூடுதலாக அறுக்கச் சொல்லுங்கள், காயும்போது சுருங்கும். நிழலில், காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு இரண்டடிக்கு ஒன்றாக ஓர் அங்குலக் காய்ந்த குச்சி வையுங்கள். குச்சிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். தள்ளித் தள்ளி வைத்தால் சட்டம் அங்கே தொய்ந்து வளையும். மேலே நாலு கல் பாரம் ஏற்றுங்கள். காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதே மரத்தில் ஒரு துண்டைத் தனியாக வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடைத் தராசில் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் ஈரம் இறங்கிவிட்டது.

பூவரசு கட்டிலுக்கு. அதைவிட நல்ல கட்டில் மரம் நம் ஊரில் குறைவு. வைரம் சாக்லேட் நிறத்தில் வழுவழுவென்று வரும். அந்தக் காலத்தில் வண்டிச் சக்கரத்துக்கே போட்டார்கள் என்றால் பாருங்கள். வளைந்து வளர்வதுதான் அதன் குறை. ஆறடிச் சட்டம் கிடைக்குமா என்று நிற்கும்போதே கண்ணளந்து பாருங்கள். கிடைக்காவிட்டால் கால்களும் நாற்காலியும் செய்யலாம். வாகையில் அலமாரி, மேசைப் பலகை செய்யுங்கள். கரும்பழுப்பில் கோடு கோடாக அழகாக இருக்கும். அறுக்கிறவர் மூக்கைக் கட்டிக்கொள்ளட்டும். வாகைத் தூள் ஏறினால் தும்மல் நிற்காது.

மாமரத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். சென்ட்ரிங் பலகைக்கு ஆகும், அவ்வளவுதான்.

பலாவைத்தான் நான் கடைசிக்கு வைத்தேன். அடிமரம் நேராக, பொந்து இல்லாமல் இருந்தால் தலைவாசல் கதவு அதிலேயே செய்யுங்கள். அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும். வருடம் போகப்போகத் தேன் நிறமாகி, அப்புறம் செம்பழுப்பாகும். தேக்குக் கதவு வைத்தவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். ஆனால் வெட்டும் முன் தஞ்சாவூர் வீணை செய்கிறவர்கள் யாரையாவது ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். வீணைக் குடத்துக்கு அவர்கள் தேடுவது இப்படிப்பட்ட முற்றிய பலாவைத்தான். விலை படிந்தால், அந்தப் பணத்தில் காய்ந்த வேங்கையோ தேக்கோ வாங்கிக் கதவு செய்துகொள்ளலாம்.

மரவாடிக்குப் போனால் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உருட்டுக் கட்டைக்குச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி போடுவார்கள். நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 8 அடி என்றால் 9×9×8, அதை 144ஆல் வகுத்தால் 4.5 கன அடி. உண்மையில் கட்டையில் 5.7 இருக்கும். அந்த வித்தியாசம் அறுவையில் போகும் கழிவுக்காக விடுவது. 7×3.5 அடி நிலை ஒன்றுக்கு 5×3 சட்டம் 2.2 கன அடி பிடிக்கும். பர்மா தேக்கு உருட்டுக் கட்டை, இப்போதுதான் இறங்கியது என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது.

நிலை தூக்கும்போது அதன் காலைச் சிமென்ட்டுக்குள் புதைக்காமல் கருங்கல் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். சுவரைத் தொடும் முதுகுப் பக்கத்துக்கு இரண்டு கை தார் பூசிவிடுங்கள். தேக்கில் ஒன்றிரண்டு கழிப்பதானாலும், அரிவாளை எடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.