வீட்டிலேயே சாக்லேட், கேரமல், வேர்க்கடலை அடுக்கு மூஸ் கேக் செய்ய முடியுமா? தெர்மாமீட்டர் இல்லை. மூஸ் எப்போதும் சரிந்துவிடுகிறது, என்ன செய்வது?

தாராளமாகச் செய்யலாம். ஓவனுக்கு இதில் கால் மணி நேரம்தான் வேலை. மீதியெல்லாம் அடுப்பும் ஃப்ரிட்ஜும். திருச்சியில் வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுப்பவள் என்ற முறையில், உங்கள் கேள்வியின் பின்பாதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சரியாமல் நிற்பது எப்படி என்று பிடிபட்டுவிட்டால் செய்முறை தானாக வந்துவிடும்.

இந்தக் கேக்கைத் தாங்குவது உறைந்த கொழுப்பு. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெயும் அடித்த கிரீமில் உள்ள பால்கொழுப்பும் குளிரில் இறுகுவதால்தான் மூஸ் நிற்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. ஆனால் எங்கள் ஊரில் மே மாத மதியம் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும்! மேசையில் அலங்காரமாக வைத்துவிட்டு விருந்தினருக்காகக் காத்திருக்கும் கேக் இது இல்லை.

கிரீம் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. எவ்வளவு அடித்தாலும் அது நிற்காது, கேரமலுக்கு மட்டும் ஆகும். மூஸுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் வேண்டும். பேக்கிங் சாமான் கடையில் உறைய வைத்து விற்கும், தாவரக் கொழுப்பில் செய்த நான்-டெய்ரி கிரீம் வெயிலைத் தாங்கும், ஆனால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையும் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள். கோடையில் இரண்டையும் பாதிப்பாதி கலந்து அடிக்கிறேன். டிசம்பரில் பால் கிரீம் மட்டும்தான்.

பல செய்முறைகளில் ஜெலட்டின் சேர்க்கச் சொல்வார்கள். மாடு, பன்றி இவற்றின் தோல், எலும்பிலிருந்து வருவது என்பதால் நம் வீடுகளில் பலருக்கு அது ஆகாது. சரி, கடல்பாசி (அகர் அகர்) போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். 40 டிகிரிக்குக் கீழே வந்ததுமே அது இறுக ஆரம்பிக்கும். குளிர்ந்த கிரீமில் ஊற்றினால் திரிதிரியாகப் பிரிந்துவிடும். நான் சொல்லும் அளவில் இரண்டுமே தேவையில்லை.

இனி செய்முறை. அளவெல்லாம் 7 அங்குல அகலம், 3 அங்குல உயரத்தில், அடித்தட்டு கழன்று வரும் டின்னுக்கு.

அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச். 2 முட்டையையும் 60 கிராம் சர்க்கரையையும் பீட்டரால் வெளுத்துக் கெட்டியாகும் வரை அடித்து, 45 கிராம் மைதா, 15 கிராம் கோகோவைச் சலித்துப் போட்டு மெதுவாகக் கலந்து, கடைசியில் 4 டீஸ்பூன் எண்ணெய். 170 டிகிரியில் 15 நிமிடம் போல. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. நன்றாக ஆறட்டும்.

அடுத்து கேரமல். இங்கேதான் தெர்மாமீட்டர் இல்லையே என்று பலரும் பயப்படுகிறார்கள். பாகு காய்ச்சத் தெரிந்த வீட்டில் அந்தப் பயம் வேண்டாம். 120 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் சிறு தீயில் உருக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறாமல் பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள். தேன் நிறம் தாண்டி, கடுங்காப்பியின் செம்பழுப்பு வரும்போது இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் போனால் கசப்பு. 75 மி.லி. கிரீமைத் தனியே சூடாக்கி வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். புஸ்ஸென்று பொங்கும், அதனால் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும், கையைத் தள்ளியே வையுங்கள். 50 கிராம் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் குறைக்காதீர்கள். மேலே வரும் இரண்டு மூஸும் தித்திப்பு, நடுவில் இது ஒன்றுதான் எடுத்துக்கொடுக்கும்.

நிறம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று அடுப்பை அணைத்துவிடுவதால்தான் வெட்டும்போது கேரமல் ஓடுகிறது. நிறம் ருசிக்கு மட்டும். கிரீம் ஊற்றியதும் சூடு இறங்கிவிடுகிறது, ஈரமும் சேர்கிறது. அந்த ஈரம் வற்றுகிற அளவுதான் கெட்டித்தன்மை. ஆகவே மறுபடி சிறு தீயில் கிளறிக்கொண்டே, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதிரசப் பாகு என்றால் உருட்டினால் உருண்டையாக நிற்கும், 112 முதல் 116 டிகிரி வரை. நமக்கு அதற்கு ஒரு படி முன்னால் போதும்: தண்ணீரில் கரையாமல் விரலுக்குக் கூடிவர வேண்டும், வெளியே எடுத்தால் தளர வேண்டும். என் மாமியாருக்குக் கேரமல் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் இந்தப் பதத்தை என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள். உருட்டுப் பதம் வந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் கல்லாகி, கத்தி இறங்காமல் மேலே இருக்கும் மூஸெல்லாம் நசுங்கும். அப்படி முற்றினால் இரண்டு ஸ்பூன் கிரீம் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

இதில் வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 80 கிராம் போட்டுக் கிளறி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஸ்பாஞ்ச் மேல் பரப்புங்கள். ஓரத்தில் விரல் அகலம் விட்டுவிடுங்கள். பிறகு வரும் மூஸ் அந்த இடத்தில் இறங்கி, கேரமலுக்கு வேலி கட்டிவிடும். கடலையைக் கேரமலில் போடுவதற்குக் காரணம் உண்டு. மூஸில் போட்டால் ஈரத்தில் ஒரே இரவில் ஊறி நமத்துவிடும். பாகு பூசிய கடலைக்கு மொறுமொறுப்பு கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும்.

கடலை மூஸுக்கு பீநட் பட்டரை வீட்டில் அரைப்பதே மேல். சிறு தீயில் பொறுமையாக வறுத்து, தோல் ஊதி, சூடு இருக்கும்போதே மிக்ஸியின் சின்ன ஜாரில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும், விட்டுவிட்டு ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். சொட்டுத் தண்ணீர் கூடாது. கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான், ஆனால் அந்த எண்ணெய் ஃப்ரிட்ஜில் கெட்டியாக நிற்காது. கடலை மூஸ் மட்டும் தனியாகச் சரிவது இதனால்தான். நிற்க வைக்க வெள்ளைச் சாக்லேட் வேண்டும். 80 கிராம் உருக்கி, 120 கிராம் பீநட் பட்டர், 3 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பால் சேர்த்து மழமழவென்று கலக்குங்கள். 200 மி.லி. கிரீமை, பீட்டரைத் தூக்கினால் நுனி வளையும் பதத்துக்கு அடித்து, மூன்று தவணையாக, கிளறாமல் மெதுவாக மடித்துச் சேருங்கள். ஊற்றி, ஃப்ரீசரில் அரை மணி நேரம்.

மேல் அடுக்கு: 150 கிராம் டார்க் சாக்லேட்டை 75 மி.லி. சூடான பாலில் உருக்கி, இன்னொரு 200 மி.லி. அடித்த கிரீமில் சேர்க்க வேண்டும். விரல் வைத்தால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும்போது கலந்துவிடுங்கள். ரொம்ப ஆறவிட்டால் சாக்லேட் மணல்மணலாக உறையும், சூடாக ஊற்றினால் கிரீம் நீர்த்துவிடும். காம்பவுண்ட் சாக்லேட்டிலும் மூஸ் நிற்கும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் வாயில் மெழுகு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காசு செலவழிப்பது என்று முடிவு செய்தால் இந்த 150 கிராமுக்குச் செலவழியுங்கள், மேல் அலங்காரத்துக்கு வேண்டாம்.

இரவு முழுக்க ஃப்ரிட்ஜில், கட்டாயம் மூடி. மூஸ் பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும், நேற்றைய சாம்பார் உட்பட. டின்னிலிருந்து எடுக்க, சுற்றி வெந்நீர்த் துணியால் ஒரு ஒற்று ஒற்றினால் போதும். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி முக்கி வெட்டுங்கள். இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கேரமல் மூஸிலிருந்து ஈரத்தை இழுத்து மெல்ல இளகிக்கொண்டே போகும். வெளியாருக்குக் கொடுக்கும் முன் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள், சிலருக்கு அது விளையாட்டில்லை.

முட்டை சேர்க்காதவர்களுக்கு அடி மட்டும்தான் மாறும், மூஸில் முட்டையே இல்லை. 150 கிராம் மேரி பிஸ்கட்டைப் பொடித்து, 60 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறி, டின்னில் தம்ளர் அடியால் அழுத்தி அரை மணி நேரம் குளிரவிடுங்கள். அப்போது ஓவனும் தேவையில்லை.